கொட்டேஷனில் அடிக்க வேண்டிய வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் முடிந்தால் நம் பக்கத்துச் சாலைகளில் இரண்டு வகைப் பேருந்துகள் பெருகிவிடும். ஒன்று முகப்பில் 'கல்விச் சுற்றுலா' என்று துணி கட்டியது. மற்றது மார்ச் 31-க்குள் பட்ஜெட்டைத் தீர்த்தாக வேண்டிய கம்பெனியின் 'டீம் அவுட்டிங்'. இப்போதெல்லாம் இரண்டிலும் 'பசுமைப் பயணம்' என்ற சொல்லையும் சேர்த்து அச்சடிக்கிறார்கள், அதுவும் ஃபிளெக்ஸில். இருக்கட்டும். அந்தப் பேருந்து பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் புதுச்சேரிக் கடற்கரையிலும் விட்டுவிட்டுப் போகிற குப்பையின் பெரும்பகுதி, வண்டி கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டிராவல்ஸ்காரர் அனுப்பும் கொட்டேஷனில் எழுதியாகிவிடுகிறது. 'மினரல் வாட்டர் அன்லிமிடெட்' என்று ஒரு வரி இருக்கும். பொறுப்பாசிரியரும் ஹெச்.ஆர். அதிகாரியும் விலையைப் பார்ப்பார்கள், அந்த வரியைப் பார்க்க மாட்டார்கள். அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதிலிருந்து வேலை தொடங்குகிறது.

முதலில் வண்டி. புதுச்சேரியிலிருந்து சிதம்பரம், பிச்சாவரம் போய்த் திரும்ப ஏறக்குறைய 160 கிலோமீட்டர். 50 பேர் உட்காரும் பேருந்து லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 40 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஆக மொத்தம் 107 கிலோ, தலைக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல். அதே 50 பேர் நாலு நாலு பேராக 13 பெட்ரோல் காரில் போனால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், தலைக்கு 6 கிலோவைத் தாண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்.

தெரியாமல் போவது வேறு மூன்று. முதலாவது, காலி இருக்கை. பெயர் கொடுத்தவர்கள் 50, வந்து ஏறியவர்கள் 26 என்றால் அதே பேருந்தில் தலைக்கு 4 கிலோவாகிவிடும். இருபத்தைந்து முப்பது பேர் உட்காரும் மினி பஸ் எடுத்திருந்தால் இரண்டரைக்குள் முடிந்திருக்கும். அதனால் முன்பணம் வாங்காமல் பெயர் எழுதக் கூடாது. தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, பணம் கட்டினவர் வருவார். வண்டி அளவைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்புதான் உறுதி செய்ய வேண்டும்.

இரண்டாவது, காலி ஓட்டம். 'புது மாடல் ஏசி கோச்' என்று சென்னையிலிருந்து வண்டி வரவழைத்தால் அது புதுச்சேரி வர 150 கிலோமீட்டர், திரும்ப 150. ஆள் ஏறாமல் எரியும் டீசல் மட்டும் 75 லிட்டர், அதாவது பயணத்துக்கு எரிப்பதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடலூரிலும் புதுச்சேரியிலும் நல்ல வண்டிகள் இருக்கும்போது எதற்கு? மூன்றாவது, நிறுத்தி வைத்த வண்டியில் ஓடும் ஏசி. எல்லோரும் படகில் இருக்க, வண்டி நாலு மணி நேரம் இன்ஜின் அணையாமல் நின்றால் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் போகும். போகவர எரிக்கும் டீசலில் கால் பங்கு அந்த நிறுத்துமிடத்திலேயே கரைகிறது. டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் தூங்க நிழலும் காற்றும் உள்ள வேறு இடம் கிடையாது. அவருக்கும் ஒரு அறையோ மண்டபத் திண்ணையோ ஏற்பாடு செய்துவிட்டு, 'நிற்கும்போது இன்ஜின் அணைக்கப்பட வேண்டும்' என்று எழுதி வாங்கினால் பேச்சு மதிக்கப்படும்.

டிரைவர் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று. விடியற்காலை நாலு மணிக்கு ஏறி நள்ளிரவு பன்னிரண்டுக்கு இறக்கிவிடும் 'ஒரே நாளில் ஏழு இடம்' திட்டங்களில் அவர் இருபது மணி நேரம் விழித்திருக்கிறார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 சாதாரணமாக நாளுக்கு 8 மணி நேர வேலையையும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்குப் பின் குறைந்தது அரை மணி ஓய்வையும் சொல்கிறது. அதற்குள் அடங்காத திட்டம் என்றால் இரண்டாவது டிரைவர் வேண்டும், இல்லையேல் இரண்டு இடத்தைக் குறைக்க வேண்டும். இடத்தைக் குறைப்பதே மேல்.

குறைக்க மனம் வராததற்கும் காரணம் கொட்டேஷனிலேயே இருக்கிறது. வாடகை வண்டிகளுக்கு நாளுக்கு 250, 300 என்று ஒரு 'மினிமம் கிலோமீட்டர்' வைத்திருப்பார்கள். 160-தான் ஓடும் என்று தெரிந்ததும், "காசுதான் குடுத்தாச்சே சார், அப்படியே திருவக்கரை, மகாபலிபுரத்தையும் பார்த்துட்டு வந்துடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார். ஓடாத கிலோமீட்டரை ஓடித் தீர்ப்பதற்காகவே பாதிச் சுற்றுலாக்கள் நீளுகின்றன. கிலோமீட்டர் கணக்கை விட்டு, 'இந்த இரண்டு இடம், இத்தனை மணி நேரம், இவ்வளவு தொகை' என்று மொத்தமாகப் பேசி முடித்தால் இந்த ஆசை எழாது. கடலூரும் புதுச்சேரியும் பின்னிக் கிடக்கும் ஊர்கள் என்பதால், வண்டிக்கு இரு பக்கமும் ஓடும் பெர்மிட் இருக்கிறதா என்று நகலை வாங்கிப் பார்த்துவிடுவதும் நல்லது. பாகூர்ப் பக்கம் ஒரே சாலையில் இரண்டு மூன்று முறை எல்லை மாறும்.

ரயிலை ஏன் யாரும் நினைப்பதில்லை என்பது புரியவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் சிதம்பரம் ஒரு மணி நேரம் போலத்தான். சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து பிச்சாவரத்துக்கு டவுன் பஸ் உண்டு. ஆனால் 50 பேர் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறினால் கிள்ளைக்குப் போகும் ஊர்க்காரர்கள் படியில் தொங்க வேண்டியிருக்கும். அதனால் 25 பேராகப் பிரித்து அடுத்தடுத்த வண்டியில் அனுப்ப வேண்டும். மைசூர், கேரளம் போன்ற நீண்ட பயணத்துக்கு மாணவர்களுக்குக் கல்விச் சுற்றுலாச் சலுகை இன்னமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் பலருக்கு ரயில் சலுகை நின்றபோதும் மாணவர் சலுகை நிற்கவில்லை. இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் பாதிக் கட்டணம். கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு முறையாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் என்பதையும், 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது என்பதையும் மனத்தில் வைத்தால், தேதியை எப்போது முடிவு செய்ய வேண்டும் என்பது தானே தெரியும்.

இனி தண்ணீர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த ஒருமுறை பிளாஸ்டிக் பட்டியலில் தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், கேரி பேக் எல்லாம் உண்டு. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும் டீ கப்பும்கூட உண்டு, இதைப் பலர் மறந்தே போனார்கள். தண்ணீர் பாட்டில் அதில் இல்லை. ஆகவே சட்டப்படி தவறில்லாத அந்தப் பொருள்தான் குழுப் பயணத்தின் மிகப் பெரிய குப்பையாக நிற்கிறது. பிப்ரவரி வெயிலில் தலைக்கு 3 லிட்டர் வேண்டும். டிரைவர், உதவியாளர் சேர்த்து 52 பேருக்கு 156 லிட்டர். லிட்டர் பாட்டில் என்றால் 156, அரை லிட்டர் என்றால் 312. அதையே 20 லிட்டர் கேனில் வாங்கினால் எட்டு கேனோடு முடிந்தது.

கேன் வாங்கியும் திட்டம் கெடுவது எங்கே என்றால், நிரப்பும் இடத்தில். ஒரு கேன், ஒரு குழாய். லிட்டர் பாட்டில் நிறைய இருபது இருபத்தைந்து விநாடி. ஐம்பது பேர் வரிசையில் நின்றால் இருபது நிமிடத்துக்குக் குறையாது. வரிசையைப் பார்த்ததும் பின்னால் நிற்பவர் எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போய் இருபது ரூபாய்க்கு பாட்டில் வாங்கிவிடுவார். திட்டம் அங்கேயே செத்தது. எவர்சில்வர் டிரம்மோ கேனோ, குழாய் வைத்தது குறைந்தது மூன்று ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். ஏறும்போது ஒரு முறை, பகல் சாப்பாட்டின்போது ஒரு முறை, திரும்பும் முன் ஒரு முறை என்று நிரப்பும் நேரத்தையும் நிகழ்ச்சி நிரலில் எழுத வேண்டும். எட்டு கேன் 160 கிலோ. அதை நடைபாதையில் அடுக்கினால் முதல் பிரேக்கில் உருண்டு வரும். வண்டியின் அடிப்பெட்டியில் பக்கத்துக்கு நாலாக வைத்துக் கயிறு கட்டுவதே முறை. சொந்த பாட்டில் கொண்டுவர மறப்பவர்கள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்கென ஆறு டம்ளர் கூடுதலாக எடுத்துப் போனால் போதும், கோபம் வேண்டாம்.

கடலூரிலிருந்து ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு இது விருப்பப் பாடம்கூட அல்ல. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாதாரண தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் பெட்டி பெட்டியாகப் பறிகொடுத்து நிற்கும் சுற்றுலா வண்டிகளைப் பார்க்கலாம். 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வேறு. அரசுப் பேருந்தில் போனால் அந்த இ-பாஸ் தேவையில்லை என்பது கொசுறுத் தகவல்.

சாப்பாட்டில் பழைய கட்டுச்சோற்று அறிவுக்கு மிஞ்சியது இல்லை. அளவு: ஆபீஸ் ஆட்கள் என்றால் கிலோ அரிசிக்கு எட்டுப் பேர், கல்லூரிப் பையன்கள் என்றால் ஆறு பேர். 52 பேருக்கு ஆறரைக் கிலோவிலிருந்து எட்டே முக்கால் கிலோ வரை. இந்த வித்தியாசத்தைக் கேட்டரிங்காரரிடம் சொல்லாவிட்டால் ஒன்று பற்றாமல் போகும், இல்லை மிச்சம் குப்பைக்குப் போகும். காலை ஏழு மணிக்குக் கட்டி பகல் ஒரு மணிக்குப் பிரிக்கும் சோற்றுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும்தான் சரி. சாம்பார் சாதத்தைக் கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தில் அடைத்து மூடினால், ஆறவும் ஆறாது, சூடாகவும் இருக்காது. அந்த வெதுவெதுப்பில் கிருமி பெருகிப் பன்னிரண்டு மணிக்கே நூல் விடும். வடித்த சாதத்தை அகலத் தட்டிலோ வெள்ளைத் துணியிலோ பரப்பி நன்றாக ஆறவிட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிசறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். தயிர்சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டுக் குழையப் பிசைந்து, தயிரை உறைக்கு ஊற்றுவது போல இரண்டு மூன்று கரண்டி மட்டும் விட்டால் ஒரு மணிக்குப் பதமாக இருக்கும், புளிக்காது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், மாவடு, வடை. தேங்காய்ச் சட்னி எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

பரிமாற வாழை இலை என்றால் 52 பேருக்கு 60 இலை. காலையிலேயே ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைக்காவிட்டால் மடிப்பில் கிழியும். கடற்கரைக் காற்றில் வெறும் இலை நிற்காது. அங்கே எவர்சில்வர் தட்டின் மேல் இலையை வட்டமாக நறுக்கிப் போட்டுச் சாப்பிடலாம். தட்டு கழுவத் தண்ணீர் தேட வேண்டாம், இலை மாட்டுக்குப் போகும். செய்தித்தாளில் நேரடியாகச் சோற்றைப் பொதிவது மட்டும் கூடாது, அச்சு மை உணவில் ஏறும். உங்கள் பத்திரிகைக்கே இப்படி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஐ.வி. (தொழிற்சாலைப் பார்வை) போகும் கல்லூரிகள் வழியில் வடலூர் தருமசாலையில் சாப்பிடுவது வழக்கம். 1867-லிருந்து அணையாத அடுப்பு, பசித்து வந்தவர் யாரையும் திருப்பி அனுப்பாத இடம். 50 பேர் போவதை முன்னதாகச் சொல்லிவிட்டு, சுற்றுலாவின் சாப்பாட்டுத் தொகையை அரிசியாகவோ பருப்பாகவோ அங்கே கொடுத்துவிட்டு வருவதே மரியாதை. மிச்சம் பிடித்த பணத்தில் ஆளுக்கொரு டி-ஷர்ட் அடித்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது. தைப்பூசத்தை ஒட்டி மட்டும் அந்தப் பக்கம் குழுவோடு போகாதீர்கள்.

நாள் குறிப்பது தனி வித்தை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கடற்கரையை நம்பித் தேதி வைக்க முடியாது. தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் வந்தது, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-ல் வந்தது. மழை ஓய்ந்து ஏரிகளில் நீரும், ஊசுட்டேரியில் வலசைப் பறவைகளும் இருக்கும் ஜனவரிக் கடைசி, பிப்ரவரியே சிறந்தது. அதிலும் செவ்வாய் முதல் வியாழன் வரை. சனி, ஞாயிறுகளில் சென்னையும் பெங்களூருவும் புதுச்சேரியில் இறங்கியிருக்கும். அந்தக் கூட்டத்தில் இன்னும் ஐம்பது பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அறை வாடகை ஏறும், கழிப்பறை நாறும், உள்ளூர்க்காரர் கடற்கரைக்கு வருவதையே நிறுத்துவார். கம்பெனிகளுக்கு வார நாளில் விடுப்பு தருவது கஷ்டம் என்பார்கள். சனிக்கிழமை வேலை செய்யச் சொல்லிப் புதன்கிழமையை மாற்றிக் கொடுத்தால் எவரும் மறுக்க மாட்டார்கள்.

பிச்சாவரத்தில் கேட்டு எடுக்க வேண்டியது துடுப்புப் படகு. குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் போகும், சத்தமில்லாததால் கொக்கும் மீன்கொத்தியும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும். மோட்டார் படகு கிளப்பும் அலை கரைச் சேற்றை அரிக்கும். ஆனால் படகுக்கு நாலைந்து பேர் என்றால் 50 பேருக்குப் பத்துப் படகுக்கு மேல் வேண்டும். பதினோரு மணிக்கு எல்லோரும் ஒன்றாகப் போய் நின்றால் அத்தனை படகு இராது, காத்திருக்கும் கூட்டம் பாட்டு போட்டு ஆடத் தொடங்கும். காலையிலேயே குழுவை இரண்டாகப் பிரிப்பதுதான் வழி. பாதிப் பேர் முதலில் படகுக்கு, மீதிப் பேர் சிதம்பரம் கோயிலுக்கு. கோயில் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால் முதல் பாதி மாலையில் கோயிலுக்குப் போக வேண்டும், இரண்டாம் பாதி பத்தரை மணிக்கே கோயிலை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரே வண்டி இரண்டு முறை ஓட வேண்டியிருக்கிறதே என்றால், இங்கும் டவுன் பஸ் இருக்கிறது. படகோட்டியிடம் மரங்களைப் பற்றிக் கேட்டால் சுரபுன்னையின் முட்டுவேரையும், சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல நீட்டிக்கொண்டிருக்கும் வெண்கண்டலின் மூச்சுவேரையும் காட்டுவார். தில்லை மரத்தை மட்டும் ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஊருக்குப் பெயர் கொடுத்த மரமாயிற்றே என்று ஆளுக்கொரு கிளை பறிப்பவர்களும் உண்டு.

இங்கே 'மரக்கன்று நடும் நிகழ்ச்சி' வைக்க ஆசைப்படும் நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய காலத்தில் மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் உள்வாங்கித் தொட்டி போலாயிற்று. கடலேற்றத்தில் ஏறிவந்த நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறியது. அதனால்தான் அங்கே செடி பிடிக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீர் ஏறி இறங்கும்படி செய்த பிறகே காடு திரும்பியது. ஆகவே போட்டோவுக்காக நடும் கன்று அங்கே பிழைக்காது. அந்த வாய்க்கால்களைப் போய்ப் பார்த்து அவை ஏன் அப்படி வெட்டப்பட்டன என்று மாணவர்களை வரைந்து காட்டச் சொன்னால் அதுவே நல்ல கல்விச் சுற்றுலா.

புதுச்சேரிக்குள் வண்டி எதற்கும் உதவாது. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வாகனம் விடுவதில்லை. பிரெஞ்சுத் தெருக்களில் பெரிய பேருந்து நுழைந்தால் திரும்ப இடமிருக்காது. வெளியே நிறுத்திவிட்டு நடக்கலாம், அல்லது வாடகை சைக்கிள். திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்குப் போனால் திரும்ப ஏறும்போது பைகளை ஒரு முறை பாருங்கள். இரண்டு கோடி ஆண்டுப் பழைய மரத்துண்டு யாராவது ஒருவர் பையிலாவது இருக்கும்.

கழிப்பறையை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை, ஆனால் நேரத்தைத் தீர்மானிப்பது அதுதான். 25 பெண்கள், இரண்டே கழிப்பறை, ஆளுக்கு நாலு நிமிடம் என்றால் ஐம்பது நிமிடம். குறைந்தது நாலு கழிப்பறை உள்ள இடத்தில்தான் வண்டி நிற்க வேண்டும், அதுவும் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை. இதற்குப் பயந்துகொண்டுதான் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். அப்புறம் எட்டு கேன் வாங்கி என்ன பயன்? நாப்கினுக்கு வண்டியிலேயே மூடி போட்ட தனி வாளியும் பழைய காகிதமும் வைக்க வேண்டும்.

கொட்டேஷன் கேட்கும் கடிதத்தில் இவ்வளவு எழுதினால் போதும்: பாட்டில் தண்ணீர் வேண்டாம், குழாய் வைத்த கேன் எட்டு வேண்டும், பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டும் கப்பும் கூடாது, வண்டி உள்ளூர் வண்டியாக இருக்க வேண்டும், நிற்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது, டிரைவருக்கு ஓய்விடம் நாங்கள் தருகிறோம், கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், மொத்தத் தொகை சொல்லுங்கள். டிராவல்ஸ்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்கள். கேட்காததால்தான் பழைய தாளையே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதோடு மூன்று சாக்கு. ஒன்று இலைக்கும் எச்சிலுக்கும், ஒன்று பாட்டில் கவர் வகையறாவுக்கு, ஒன்று மீதிக்கு. திரும்பி வந்து இறங்கும் இரவு பத்து மணிக்கு அந்தச் சாக்குகளை யார் இறக்குவது, எங்கே வைப்பது என்பதையும் பெயர் போட்டு எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அவை வண்டியோடு போய், ஷெட்டுக்கு முந்தைய பாலத்தடியில் விழும்.

இப்படிக்கு,
கல்லூரி, அலுவலகப் பயணங்களை ஒழுங்கு செய்வோர் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.